பாப்-அப் வாழ்த்து அட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஆளுக்கொரு ஸ்கேல், நடுவில் ஒரு ஃபெவிகால் டப்பா. பாப்-அப் வாழ்த்து அட்டை செய்யக் கற்றுத்தருகிறேன். பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும், போனில் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே பதிலோடு எழுதிவைக்கிறேன்.

பாப்-அப் கார்டு எப்படி வேலை செய்கிறது? உள்ளே ஸ்பிரிங் வைக்க வேண்டுமா?

வேண்டாம். ஸ்பிரிங், ரப்பர் பேண்டு எதுவும் கிடையாது. கார்டைத் திறக்கிற கையின் விசையே நடு மடிப்பு வழியாகப் படத்துக்குப் போய் அதைத் தூக்கி நிறுத்துகிறது. அதனால் எழுந்து நிற்க வேண்டிய எதுவானாலும் மடிப்பின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிய படம் அப்படியே படுத்திருக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பாதிப் பதில்கள் இதை நம்பித்தான் நிற்கின்றன. கார்டு செய்ய உட்காருகிறவர்கள் எல்லோரும் திறந்தால் எப்படித் தெரியும் என்றே யோசிக்கிறார்கள். மூடினால் எப்படிப் படுக்கும் என்று யோசித்துத் தொடங்குங்கள். மூடிய கார்டுக்குள் எல்லாத் துண்டும் கசங்காமல், ஓரத்தைத் தாண்டாமல் படுத்துக்கொண்டால், திறக்கும்போது அவை எழுந்தே தீரும்.

என் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கோபுரம் எழும் கார்டு ஒன்று செய்தேன். திறந்து வைத்தால் கண்ணெடுக்க மனம் வராது. மூடினால் கலசம் மூன்றும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கவரில் போட்டதும் கலசங்கள் மடங்கிவிட்டன. அப்பா அவற்றை விரலால் நீவி நீவி நிமிர்த்தியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து மூடிய அளவைப் போட்டுப் பார்க்காமல் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை.

என்னென்ன வேண்டும்?

ஸ்டீல் ஸ்கேல், பென்சில், கத்தரிக்கோல், பிளேடு நகரும் பேப்பர் கட்டர், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, ஃபெவிகால் அல்லது பசைக்குச்சி, அப்புறம் தினசரி காலண்டரின் பின்னட்டை. கட்டரை வைத்து வெட்டும்போது தரையும் மேசையும் கீறாமலிருக்க அந்த அட்டை போதும். தேதி முடிந்த காலண்டர் எந்த வீட்டில் இல்லை? வெட்டு விழுந்து விழுந்து அட்டை பள்ளமாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். பழைய பள்ளம் பிளேடைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

மை தீர்ந்த பேனா எதற்கென்றால், மடிக்க வேண்டிய கோட்டில் ஸ்கேலை வைத்து அழுத்தி ஒரு கீறு கீற. பிரஸ்காரர்கள் இதைக் கிரீசிங் என்பார்கள். கிரீஸ் போடாமல் மடித்தால் கனமான அட்டை தன் இஷ்டத்துக்குக் கோணலாக மடங்கும்.

எந்தப் பேப்பர் நல்லது? ஜிஎஸ்எம் என்கிறார்களே, அது என்ன?

ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜிஎஸ்எம். ஜெராக்ஸ் பேப்பர் 70 முதல் 80. அதில் கார்டு செய்தால் நிற்காது, ஆனால் மாதிரி செய்து பார்க்க அதைப்போல் ஒன்று இல்லை. கார்டின் அடிப்பாகத்துக்கு 200 முதல் 250 ஜிஎஸ்எம் வாங்குங்கள். எழுந்து நிற்கிற படத்துக்கு 150, 180 போதும். அடிப்பாகத்தைவிடப் படம் இலேசாக இருப்பதுதான் முறை. கனத்த படம் மடிப்பை இழுத்துக் கார்டையே சாய்த்துவிடும். 300-க்கு மேலே போனால் மடிப்பில் வெடிப்பு விழும். பளபளப்புப் பூச்சு உள்ள அட்டையென்றால் மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

ஜிஎஸ்எம் தெரிந்த பலருக்குக் கிரெயின் தெரிவதில்லை. மில்லில் காகிதம் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. அந்தத் திசைதான் கிரெயின். அதன் போக்கிலேயே மடித்தால் வாழையிலை மடிவதுபோல மடியும். குறுக்கே மடித்தால் முரண்டுபிடிக்கும், மடிப்பு பிசிறும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: தாளை மடிக்காமல் மெல்ல வளைத்துப் பாருங்கள். நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை. எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த வளைவுக்கு இணையாகத்தான் கிரெயின் ஓடுகிறது. நடு மடிப்பு அதே போக்கில் வரும்படி தாளை வெட்டிக்கொள்ளுங்கள்.

வட சென்னையில் எங்கே வாங்கலாம்?

ஒன்றிரண்டு கார்டுக்குத் தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் சார்ட் வாங்கினால் போதும். நிறையச் செய்வதாக இருந்தால் பாரிமுனைதான். ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. பந்தர் தெருவில் எழுதுபொருள் கிடைக்கும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து மெட்ரோவில் வந்தால் மண்ணடியிலோ உயர் நீதிமன்றத்திலோ இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

கடையில் ‘கார்டு செய்ய அட்டை’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘250 ஜிஎஸ்எம் ஐவரி போர்டு, ஏ4 சைஸ்’ என்று கேளுங்கள். கையில் வாங்கி ஒரு மூலையை மடித்துப் பாருங்கள். பிரஸ்களில் ஓரம் வெட்டிக் கழித்த துண்டுகள் கிடைத்தால் விடவே விடாதீர்கள். அலைக்கும் வலைக்கும் பறவைக்கும் அந்தத் துண்டுகளே போதும்.

இதுவரை செய்ததே இல்லை. முதலில் எதைச் செய்வது?

வாய் திறக்கும் மீன். ஒரே ஒரு வெட்டுதான்.

ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை 10.5 சென்டிமீட்டர் அகலம் வருமாறு இரண்டாக மடியுங்கள். மடிப்பின் நடுவில் தொடங்கி உள்நோக்கி 4 செ.மீ. நேராக ஒரு வெட்டு. வெட்டின் இரண்டு உதடுகளையும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக முக்கோணமாக மடியுங்கள். அதே முக்கோணங்களைப் பின்பக்கமும் ஒருமுறை மடித்துப் பழக்கிவிடுங்கள். இப்போது தாளைப் பாதி திறந்து, இரண்டு முக்கோணங்களையும் விரலால் உள்பக்கம் தள்ளி, அப்படியே மூடி அழுத்துங்கள். திறந்தால் வாய் பிளக்கும், மூடினால் வாயும் மூடும்.

வாயைச் சுற்றி மீன் முகத்தை வரைவதுதான் பாக்கி. எங்கள் பிள்ளைகள் சங்கரா வரைவார்கள், சிவப்பு ஸ்கெட்ச் பேனா தீர்ந்துபோகிற அளவுக்கு. வெளியே இன்னொரு அட்டையை ஒட்டினால் வாய்க்குள் அதன் நிறம் தெரியும். வாய்ப் பகுதியில் மட்டும் பசை படக்கூடாது.

படகு எழும் கார்டு எப்படிச் செய்வது? அளவோடு சொல்லுங்கள்.

எங்கள் கொட்டகையில் எல்லோரும் ஆசையாகச் செய்வது இதைத்தான். துறைமுகத்துக்குப் போய்ப் படகைப் பார்த்துவிட்டு வந்துதான் வரையச் சொல்வேன். மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது, வலை எங்கே குவிந்திருக்கிறது, கொடி எந்தக் கம்பில் பறக்கிறது என்று பார்த்துவிட்டு வந்த பிள்ளையின் படகு தனியாகத் தெரியும்.

250 ஜிஎஸ்எம் ஏ4 தாளைக் குறுக்காக இரண்டாக மடியுங்கள். மடிப்பு 21 செ.மீ. நீளமும், ஒவ்வொரு பக்கமும் 14.8 செ.மீ. உயரமும் இருக்கும். இதை ‘ட’ எழுத்தைப்போல் திறந்து வைக்கப்போகிறோம். பின்பக்கம் வானம், தரைப்பக்கம் கடல்.

மடிப்பின் இடது ஓரத்திலிருந்து 7.5 செ.மீ.யில் ஒரு புள்ளி, 13.5-ல் ஒரு புள்ளி. தாள் மடிந்திருக்கும்போதே அந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் உள்நோக்கி 4 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டு. வெட்டுகள் முடியும் இடத்தை இணைத்து ஒரு கிரீஸ். அந்தப் பட்டையை முன்னும் பின்னும் மடித்துப் பழக்கி, தாளைத் திறந்து, பட்டையை உள்ளிருந்து தள்ளினால் ஒரு பெட்டி எழும். முகம் 6 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம், மடிப்பிலிருந்து 4 செ.மீ. முன்னால் நிற்கும்.

படகை 12 செ.மீ. நீளம், கொடியோடு சேர்த்து 9 செ.மீ. உயரத்துக்கு வரைந்து வெட்டி இந்த முகத்தில் ஒட்டுங்கள். ஏன் 9? இங்கேதான் மூடும் கணக்கு வருகிறது. பெட்டி மடிப்பிலிருந்து எவ்வளவு தூரம் முன்னால் நிற்கிறதோ அதையும் படத்தின் உயரத்தையும் கூட்டுங்கள். கூட்டல் பக்கத்தின் உயரத்துக்குள் அடங்க வேண்டும். 4-ம் 9-ம் 13. பக்கம் 14.8. சரி, உள்ளே படுத்துவிடும். அதே படகை 11 செ.மீ. உயரத்துக்கு வெட்டினால் கூட்டல் 15 வருகிறது. மூடும்போது கொடி வெளியே எட்டிப்பார்க்கும். எப்போதும் அரை செ.மீ. மிச்சம் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

இந்த ஒரு கூட்டலைக் கற்றுக்கொண்ட பிள்ளை அதன் பிறகு என் அளவைக் கேட்பதில்லை. தானே பஸ் செய்கிறது, கோயில் செய்கிறது.

படகுக்கு முன்னால் அலை வைக்க வேண்டும். அதற்கும் பெட்டிதானா?

பெட்டிதான், ஆனால் வேறு மாதிரி. முன்போலவே 7 செ.மீ. வெட்டினால் 7 செ.மீ. உயரத் தூண்கள் இரண்டு எழுந்து படகை மறைத்துவிடும். அலைக்குத் தள்ளியும் நிற்க வேண்டும், குள்ளமாகவும் இருக்க வேண்டும்.

இதற்கு மடிப்பின் இரண்டு பக்கமும் வெட்டின் நீளத்தை மாற்றிக்கொள்ளலாம். தாளை முழுதாக விரித்து வையுங்கள். இடது ஓரத்திலிருந்து 1.5-க்கும் 3.5-க்கும் நடுவில் 2 செ.மீ. அகலப் பட்டை ஒன்று, வலது பக்கம் 17.5-க்கும் 19.5-க்கும் நடுவில் இன்னொன்று. ஒவ்வொரு பட்டைக்கும் வெட்டு, நடு மடிப்புக்கு மேலே வானப் பக்கம் 2 செ.மீ., கீழே கடல் பக்கம் 7 செ.மீ., ஆக 9 செ.மீ. கட்டரால்தான் வெட்ட வேண்டும், கத்தரிக்கோல் இங்கே உதவாது. பட்டையின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் கிரீஸ். மூன்றாவது கிரீஸ் கீழ் முனையிலிருந்து 2 செ.மீ. மேலே. அது மட்டும் வெளிப்பக்கம் மேடாக மடிய வேண்டும். பட்டை இருக்கிற இடத்தில் பழைய நடு மடிப்பு தட்டையாகவே இருக்கட்டும்.

முன்முகம் 2, பின்னால் 2. மேல்தட்டு 7, தரையில் 7. எதிரெதிர்ப் பக்கங்கள் சமம். பள்ளிக்கூடத்தில் படித்த இணைகரம் இதுதான். இந்தச் சமம் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் கார்டு மூடும்போது முரண்டும். மூன்றாவது கிரீஸ் இடம் மாறியதால் தூக்கிப்போட்ட கார்டுகள் ஒரு பை நிறைய என்னிடம் இருக்கின்றன. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவற்றைத்தான் முதலில் காட்டுகிறேன்.

இரண்டு முகத்தையும் இணைத்து 3 செ.மீ. உயரத்தில் நீளமான அலைப் பட்டையை ஒட்டுங்கள். முகங்களில் மட்டும் பசை. 7-ம் 3-ம் 10, தாராளமாக மூடும்.

கடைசியாக வெளியட்டை. அதே அளவு இன்னொரு தாளை மடித்துப் பின்னால் ஒட்டினால் வெட்டிய ஓட்டைகள் மறையும். முதலில் ஒரு பக்கம் மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். அப்புறம் மறுபக்கம் தடவி, உள்ளே இருக்கும் கார்டு மூடிய நிலையில் வெளியட்டையை அதன்மேல் மூடுங்கள். விரித்துவைத்து இரண்டையும் ஒரேயடியாக ஒட்டினால் முதுகு இறுகி, மூடும்போது கசங்கும்.

கார்டை முழுதாக விரித்தால்தான் படம் நிற்க வேண்டும். அது முடியுமா?

முடியும். பெட்டி மடிப்பு 90 டிகிரி திறந்து வைக்கும் கார்டுக்கு. முழுதாக விரிப்பதற்கு ‘வி’ மடிப்பு. நான் இதில் திருவொற்றியூர்த் தேரைச் செய்வேன். தேருக்கு நடுவில் ஒரு மடிப்பு இருந்தால் அதுவே அதற்கு ஒரு கம்பீரம்.

10 செ.மீ. உயரம், 9 செ.மீ. அகலத்தில் தேரை வெட்டுங்கள். அடியில் 1 செ.மீ. ஒட்டும் பட்டை விடுங்கள். நட்டநடுவில் செங்குத்தாக மடித்து, அடிப்பட்டையை நடுவில் ஒரு சின்ன முக்கோண வெட்டால் இரண்டாகப் பிரித்து, இரண்டையும் பின்பக்கம் மடியுங்கள். ஏ4 கார்டை நடு மடிப்பு உங்களை நோக்கி வரும்படி விரித்துவைத்து, மடிப்பின் மேல் உங்கள் பக்க ஓரத்திலிருந்து 9 செ.மீ.யில் ஒரு புள்ளி. அங்கிருந்து இரண்டு பக்கமும் உங்களை நோக்கி 45 டிகிரியில் இரண்டு கோடு. தேரின் முதுகு அந்தப் புள்ளியில் உட்கார வேண்டும், அடிகள் கோடுகளில்.

ஒட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. இடது பட்டையை மட்டும் கோட்டில் ஒட்டுங்கள். தேரை அந்தப் பக்கத்தின் மேலேயே மடித்துப் படுக்கவையுங்கள். மேலே தெரிகிற வலது பட்டையில் பசை தடவி, கார்டை மூடி அழுத்துங்கள். வலது பட்டை தனக்கான இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். கையால் குறிபார்த்து ஒட்டினால் இவ்வளவு சரியாக வராது.

மூடும்போது கார்டு கசங்குகிறது, அல்லது மூடவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இணைகரத்தின் பக்கங்கள் சமமில்லை, அல்லது ‘வி’ மடிப்பின் இரண்டு கோணமும் ஒன்றில்லை, அல்லது எங்கோ பசை வழிந்து ஒட்டக்கூடாத இடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றில் ஒன்றுதான். மூடும்போது பலவந்தமாக அழுத்தாதீர்கள். பாதி மூடி, பக்கவாட்டிலிருந்து உள்ளே பார்த்தால் எந்தத் துண்டு வளைகிறது என்று தெரிந்துவிடும்.

இதற்காகத்தான் முதலில் ஜெராக்ஸ் தாளில் மாதிரி செய்யுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். மாதிரி சரியாக மூடினால், அதை நல்ல அட்டையின் மேல் விரித்துவைத்து, கோடுகளின் முனைகளில் குண்டூசியால் குத்துங்கள். அட்டையில் புள்ளிகள் விழும். புள்ளிகளை இணைத்து வெட்ட வேண்டியதுதான், மறுபடி அளக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் அட்டை நெளிகிறது, பசை காயவில்லை. என்ன செய்வது?

கடலோரத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். காகிதம் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். நார்கள் நீளத்தில் அதிகம் நீளாமல் குறுக்கே ஊதுவதால் தாள் ஒரு பக்கமாகச் சுருள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டில் ராத்திரி ஜன்னலோரம் வைத்த தாள் காலையில் அப்பளம்போல் இருக்கும்.

தாளைப் பாலிதீன் கவரில் போட்டு, பீரோவில் துணிகளுக்கு அடியில் தட்டையாக வையுங்கள். ஷூ டப்பாவில் வரும் சின்ன சிலிக்கா பொட்டலம் இரண்டைக் கவருக்குள் போடலாம். ஃபெவிகாலில் தண்ணீர் உண்டு. கெட்டியாகத் தடவினால் அந்தத் தண்ணீரும் தாளுக்குள் போய் நெளியும். ஒரு சொட்டு வைத்து, அட்டைத் துண்டால் இழைத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்குப் பரப்புங்கள். பெரிய பரப்புக்கு, முக்கியமாக வெளியட்டைக்கு, மழைக்காலத்தில் டபுள் சைட் டேப்தான் நல்லது. ஒட்டிய கார்டைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள். ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து தாள் வளைந்துவிடும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. நல்ல கனமான அட்டை, அதுவும் காசில்லாமல். லேமினேஷன் போட்ட பக்கத்தில் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். பொன்னிற அச்சு உள்ள பகுதி சூரியனுக்கும் மீன் செதிலுக்கும் அருமையாகப் பொருந்தும்.

பிள்ளையார் படத்தை வெட்ட மனம் வராது. எனக்கும் வராது. முதலில் அந்தப் படத்தை முழுதாகத் தனியே எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன். புதுக் கல்யாணக் கார்டு செய்யும்போது அதே பிள்ளையாரை முதல் பக்கத்தில் ஒட்டுவேன். பெயர், போன் நம்பர் அச்சான பகுதியை மற்றவர்களுக்குப் போகும் கார்டில் விடாதீர்கள்.

பொங்கலுக்கு என்ன செய்யலாம்?

படிமேல் படி. நடு மடிப்பில் ஒரு பெட்டி எழுப்புங்கள், அது அடுப்பு. அந்தப் பெட்டியின் மேல் பின்புறம் உருவாகும் புது மடிப்பில் இன்னும் இரண்டு சின்ன வெட்டு வெட்டி மற்றொரு பெட்டி எழுப்பினால் அது பானைக்கு இடம். முகத்தில் பானையை ஒட்டி, விளிம்பில் வெள்ளைத் தாளை நுரையாகச் சுருட்டி ஒட்டுங்கள். எந்த மடிப்பிலும் இன்னொரு மடிப்பு பிறக்கும். கை பழகினால் மூன்றாவது படியும் வரும்.

சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்துகளைக் கட்டுக்கட்டாக வாங்கி முகவரி எழுதிய வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. இப்போது போனில் ஒரு படம் வருகிறது, ஒரு படம் போகிறது. மார்கழி பிறந்ததும் ஒரு நாளைக்கு ஒரு கார்டு என்று செய்ய ஆரம்பித்தால், தை பிறப்பதற்குள் நெருங்கியவர்கள் எல்லோருக்கும் ஆகிவிடும்.

தபாலில் அனுப்பினால் எழும் படம் உடைந்துவிடாதா? எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்?

ஒழுங்காக மூடும் கார்டு உடையாது. உள்ளே மணி, பொத்தான், கனமான கல் ஒட்டியிருந்தால் முத்திரை குத்தும் அடியில் தாள் கிழியலாம். அவற்றைக் கையில் கொடுக்கும் கார்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைக் கணக்குப் போடலாம். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 250 ஜிஎஸ்எம் ஏ4 என்றால் 15.6 கிராம். அடிப்பாகம், வெளியட்டை இரண்டும் சேர்ந்து 31 கிராம். படகும் அலையும் இரண்டு மூன்று கிராம். கவர் நாலைந்து கிராம். 40-க்குச் சற்றுக் குறைவு. சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராமுக்கு 5 ரூபாய் என்ற கணக்கில் 10 ரூபாய் ஸ்டாம்ப். விளிம்பில் நிற்கிற எடை என்பதால் தபால் நிலையத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டே ஒட்டுங்கள். ஸ்டாம்ப் குறைந்தால் வாழ்த்தைப் பெறுகிறவர் கையிலிருந்து காசு வாங்குவார்கள்.

பேப்பர் வாங்கப் பாரிமுனை போனால், ராஜாஜி சாலையில் இருக்கும் ஜிபிஓ என்கிற தலைமைத் தபால் நிலையத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோல்ம் வடிவமைத்து 1884-ல் திறந்த கட்டடம். அந்தக் கூரைகளைப் பார்த்த பிறகு அதையே கார்டாக்க வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள்.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கையெழுத்துப் பிரதிகளில் சுழலும் காகித வட்டங்கள் வைத்திருக்கிறார்கள். நாள் கணக்குப் பார்ப்பதற்கு. குழந்தைகளுக்கான அசையும் புத்தகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பெருகின. ஜெர்மனியின் லோத்தர் மெக்கெண்டோர்ஃபர் அதில் பெரிய கை. ஒரே நாடாவை இழுத்தால் படத்தில் பல உறுப்புகள் ஒன்றாக அசையும்படி செய்தவர். ‘பாப்-அப்’ என்ற பெயரை 1930-களில் ஒரு அமெரிக்கப் பதிப்பகம் புத்தகங்களுக்கு வைத்தது.

எனக்குப் பிடித்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் மசாஹிரோ சத்தானி. ஒரே தாளில் வெட்டும் மடிப்பும் மட்டும் வைத்து, துளிப் பசையில்லாமல் கட்டடங்களை எழுப்பும் முறையை 1980-களில் வளர்த்தவர். அந்த முறையில் 1856-ல் திறந்த நம் ராயபுரம் ரயில் நிலையத்தைச் செய்து பாருங்கள். தூண் வரிசை என்பது ஒரே அளவில் அடுத்தடுத்து விழும் வெட்டுகள்தான். வெள்ளைத் தாளிலேயே செய்யுங்கள், வண்ணம் வேண்டாம். தூணின் நிழலே வண்ணம்.

எத்தனை வயதிலிருந்து பிள்ளைகள் செய்யலாம்?

மீன் கார்டுக்கு ஆறு வயது போதும், முனை மழுங்கிய கத்தரிக்கோலோடு. கட்டரைப் பத்து வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை. அதற்கு மேலும் பெரியவர் பக்கத்தில் இருந்தால்தான். வெட்டும் கையின் பாதையில் ஸ்கேல் பிடிக்கும் விரல் இருக்கக்கூடாது. ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காமல் மூன்று முறை மெல்ல இழுக்க வேண்டும். பாதி சவர பிளேடை விரலில் பிடித்து வெட்டுவதை எங்கள் கொட்டகையில் அடியோடு நிறுத்திவிட்டேன்.

கார்டுக்குள் சின்ன விளக்கு எரியவைக்கக் காசு வடிவ பேட்டரி வைக்கிறார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகும் கார்டில் அது வேண்டவே வேண்டாம். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

செய்து விற்கலாமா?

விற்கலாம். காகிதச் செலவு குறைவு, நேரம்தான் செலவு. படகுக் கார்டுக்கு எனக்கே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்குக் கூலி போடாமல் விலை சொல்லாதீர்கள். ‘காகிதம்தானே’ என்று பேரம் பேசுகிறவரிடம் ஒரு கார்டை மெதுவாகத் திறந்து காட்டுங்கள், பேசாமல்.

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இப்போது கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. அவர்களுக்குக் கார்டு கொடுத்து என்ன பயன்?

போன வருடம் எங்கள் கொட்டகைப் பையன் ஒருவன் இதே கேள்வியைக் கேட்டான். படகுக் கார்டையே செய்யச் சொன்னேன், சில மாற்றங்களோடு. வண்ணத்துக்குப் பதில் தொட்டால் தெரிகிற பொருள்கள். வலைக்கு உண்மையான வலைத் துண்டு ஒரு விரலளவு, அலைக்கு உப்புத்தாள், படகுக்கு வழவழப்பான பத்திரிகை அட்டை. படத்துக்கு 250 ஜிஎஸ்எம், தடவினால் வளையாதிருக்க. பெட்டி அகலத்தை 6-லிருந்து 8 செ.மீ. ஆக்கினோம், கனத்தைத் தாங்க.

ஆயா மடியில் வைத்துத் திறந்திருக்கிறார். விரல் முதலில் உப்புத்தாளில் பட்டதும் நிறுத்தி, அப்புறம் வலையைத் தடவி, அதன்பின் படகின் மூக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘இன்னாடா, மூக்கை இவ்ளோ தட்டையா வெச்சிருக்க, அலை ஏறாதே’ என்றாராம். பையன் அடுத்த ஞாயிறு வந்து மூக்கை ஒரு செ.மீ. தூக்கி வேறு படகு வெட்டினான். 4-ம் பத்தும் பதினாலு, மூடும் என்று அவனே கூட்டிச் சொன்னான்.